சின்ன ஜெட், பெரிய ஜெட்: விமான இருக்கையின் கதை

நம் லிஃப்டுக்குள் ஒரு சிறு தகடு இருக்கிறது. "8 நபர்கள், 544 கிலோ" என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறிப் பைகளோடு எட்டுப் பேர் ஏறினால்தான் அந்தக் கணக்கின் அருமை தெரியும். ஏறுகிறவரைக் கேட்டு யாரும் அந்த எண்ணைப் போடவில்லை. அது முன்பே, வேறு எங்கோ, வேறு காரணங்களுக்காக முடிவான எண்.

விமானத்தில் நமக்குக் கிடைக்கும் இடமும் அப்படி முடிவானதுதான். அதன் வரலாற்றை இந்த இதழுக்கு எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம், மாலை நடைப்பயிற்சியில் காதில் விழும் பேச்சு. நம் குடியிருப்பில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் நிறைய. அவர்கள் இருக்கும் ஊர் பல சமயம் நியூயார்க்கோ சிகாகோவோ இல்லை. அங்கே இறங்கி, இன்னொரு சின்ன ஜெட் பிடித்துப் போக வேண்டிய ஊர். போய் வந்தவர்களில் ஒருவர், "இருபது மணி நேரம் கூடத் தாங்கிவிட்டேன் சார், அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் முடியவில்லை. பொம்மை விமானம்!" என்கிறார். இன்னொருவர், "அந்தச் சின்ன விமானம்தான் சார் சுகம். பக்கத்தில் ஒரே ஒருவர். நடு சீட் என்ற பேச்சே இல்லை" என்கிறார்.

இருவர் சொல்வதும் உண்மை. இருவரும் ஏறியது வெவ்வேறு பிறப்புள்ள விமானங்கள். சின்னது என்றால் நெருக்கடி, பெரியது என்றால் தாராளம் என்று நாம் நினைப்பது ஏன் சரியாக வருவதில்லை என்பதற்கு, எழுபது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

ஓர் அங்குலப் போட்டி

முதலில் பெரிய விமானத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து டெல்லி, மும்பை போக நாம் ஏறும் ஏ320, போயிங் 737 எல்லாம் நாரோ பாடி வகை. நடுவில் ஒரே நடைபாதை, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. இந்த மூன்றும் மூன்றும் எங்கிருந்து வந்தது?

1950களில் போயிங் நிறுவனம் தன் முதல் பயணிகள் ஜெட்டுக்கு ஒரு முன்மாதிரி செய்தது. அதன் உடல் அகலம் 132 அங்குலம். அதிலிருந்து அமெரிக்க விமானப் படைக்குச் செய்த எரிபொருள் விமானத்துக்கு 144 அங்குலம். போட்டி நிறுவனமான டக்ளஸ், தன் டிசி-8 விமானத்தை 147 அங்குல அகலத்தில் திட்டமிட்டது. வரிசைக்கு ஆறு பேர் வசதியாக உட்காரலாம் என்பது அதன் விற்பனைப் பேச்சு. 1955 அக்டோபரில் பான் அமெரிக்கன் நிறுவனம் டிசி-8 விமானங்கள் 25, போயிங் 707 விமானங்கள் 20 என்று ஆர்டர் கொடுத்தது. போட்டியாளருக்கு ஐந்து விமானம் கூடுதல். போயிங் விழித்துக்கொண்டது. பெரும் செலவில் வரைபடத்தை மாற்றி 707இன் அகலத்தை 148 அங்குலமாக்கியது. எதிராளியைவிட ஓர் அங்குலம் அதிகம்!

அந்த 148 அங்குலம் அதோடு நிற்கவில்லை. பின்னால் வந்த 727க்கும் அதே அகலம். 1967இல் முதன்முதலாகப் பறந்த 737க்கும் அதே அகலம். புதிதாக வரைந்தால் செலவு, இருக்கும் அச்சைப் பயன்படுத்தினால் மிச்சம். இன்று புத்தம் புதிதாக வெளிவரும் 737 மேக்ஸ் விமானத்தில் உட்கார்ந்தாலும், நம் தோளுக்குக் கிடைக்கும் இடம் 1955இல் பான் அமெரிக்கனைத் திருப்திப்படுத்தப் போட்ட கணக்குதான். உள் அகலம் சுமார் 3.53 மீட்டர், இருக்கை அகலம் சுமார் 17 அங்குலம்.

1987இல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ320, இந்த இடத்தில்தான் கை வைத்தது. உள் அகலத்தை 3.70 மீட்டராக்கியது. 17 சென்டிமீட்டர் அதிகம். ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். இந்தியன் ஏர்லைன்ஸ் 1970களிலிருந்து 737களை ஓட்டியது. 1989இல் ஏ320 வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் இரண்டிலும் பயணம் செய்தவர்களுக்கு அந்த ஓர் அங்குலம் நினைவிருக்கலாம்.

அகலம் மாறாமல் நின்றாலும் நீளவாக்கில் இடம் குறைந்துகொண்டே வந்தது. ஓர் இருக்கையின் முதுகுக்கும் முன் இருக்கையின் முதுகுக்கும் உள்ள தூரத்தைப் 'பிட்ச்' என்பார்கள். முன்பு எகானமி வகுப்பில் 34, 35 அங்குலம் சாதாரணம். இப்போது 30, 31 அங்குலம் என்றாலே பரவாயில்லை என்கிறோம். சில நிறுவனங்களில் அதற்கும் கீழ். இருக்கையின் பஞ்சை மெலிதாக்கி, பையைச் சற்று மேலே தூக்கி வைத்து, முழங்காலுக்கு இடம் விட்டிருப்பதாகச் சொல்வார்கள். மிச்சமான இடத்தில் கூடுதலாக ஒன்றிரண்டு வரிசை வந்துவிடும். ஒரு வரிசை என்றால் ஆறு டிக்கெட்.

சின்ன ஜெட் எப்படிப் பிறந்தது

1978இல் அமெரிக்கா விமானக் கட்டணத்துக்கும் வழித்தடத்துக்கும் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் சில நகரங்களை மையமாக வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பயணிகளை அங்கே கொண்டு வந்து கொட்டும் முறைக்கு மாறின. நம் ஊரில் மினி பஸ், மெயின் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் சேர்ப்பது போல. அந்த மினி பஸ் வேலையைச் செய்தவை புரொப்பல்லர் வைத்த 19 பேர், 30 பேர் விமானங்கள். சத்தம், அதிர்வு, மேகத்துக்கு மேலே ஏற முடியாத உயரம் என்று மக்களுக்கு அவை பிடிக்கவில்லை. ஜெட் வேண்டும் என்றார்கள். 50 பேருக்கு ஒரு ஜெட்டைப் புதிதாக வரைந்து செய்யும் அளவுக்கு யாரிடமும் துணிச்சலோ பணமோ இல்லை. கையில் இருந்ததை நீட்டினார்கள்.

கனடாவின் கனடேர் நிறுவனம் 1976இல் பில் லியர் என்பவரின் வணிக ஜெட் திட்டம் ஒன்றை வாங்கியிருந்தது. பணக்காரர்கள் நிமிர்ந்து நடமாட வேண்டும் என்று அதன் உடலைக் கனடேர் அகலமாக்கியது. ஒல்லியான விமானங்களுக்குப் பேர் போன லியருக்கு அது பிடிக்கவில்லை. குண்டன் என்ற பொருளில் கேலிப்பெயர் வைத்தார். 1978இல் 'சேலஞ்சர்' என்ற பெயரில் அது பறந்தது. 1986இல் கனடேரை பம்பார்டியர் வாங்கியது. சேலஞ்சரின் உடலைச் சுமார் 6 மீட்டர் நீட்டி, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று 50 இருக்கை போட்டார்கள். 1991இல் முதல் பறப்பு, 1992இல் ஜெர்மனியின் லுஃப்தான்ஸா சிட்டிலைனில் சேவை. இதுதான் சிஆர்ஜே. பத்துப் பேர் சாய்ந்து உட்கார்ந்து பேசுவதற்கு 'குண்டாக' இருந்த அதே குழாய், 50 பேருக்கு ஒல்லியாகிவிட்டது.

பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனம் அதையே வேறு வழியில் செய்தது. அதனிடம் 'பிரசிலியா' என்ற 30 பேர் புரொப்பல்லர் விமானம் இருந்தது. அதன் குழாயின் சுற்றளவை அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தைக் கூட்டி, வாலில் இரண்டு ஜெட் என்ஜின் மாட்டியது. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று வரிசைக்கு மூன்று பேர். 1995இல் பறந்து 1997இல் சேவைக்கு வந்த ஈஆர்ஜே 145 அதுதான். பேனா மூடி போன்ற நீளமான உடல்.

இரண்டிலும் 50 இருக்கை என்பது தற்செயல் அல்ல. அமெரிக்க விதிப்படி 50 இருக்கை வரை ஒரு பணிப்பெண் போதும். 51ஆவது இருக்கை போட்டால் இரண்டாவது சம்பளம். இன்னொரு காரணமும் உண்டு. அது பின்னால் வருகிறது.

தலைக்கு எத்தனை சென்டிமீட்டர்

நான் காமர்ஸ் படித்து, வங்கியில் காலம் தள்ளியவன். எதைப் பார்த்தாலும் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. விமானத்தின் உள் அகலத்தை, வரிசையில் உட்காருவோர் எண்ணிக்கையால் வகுத்தேன்.

போயிங் 737: 3.53 மீட்டர், 6 பேர், தலைக்கு 59 செ.மீ.
ஏ320: 3.70 மீட்டர், 6 பேர், தலைக்கு 62 செ.மீ.
சிஆர்ஜே: சுமார் 2.5 மீட்டர், 4 பேர், தலைக்கு 63 செ.மீ.
ஈஆர்ஜே 145: 2.10 மீட்டர், 3 பேர், தலைக்கு 70 செ.மீ.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் மிகச் சின்ன விமானம்தான் மிகத் தாராளம்! ஏறி உட்கார்ந்தவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். கணக்கு எங்கே உதைக்கிறது?

நடைபாதையில். நடைபாதை என்பது நிலையான செலவு. ஆறு பேர் இருந்தாலும் மூன்று பேர் இருந்தாலும் ஓர் ஆள் நடந்து போகும் அகலம் வேண்டும். வாட்ச்மேன் சம்பளம் நூறு வீட்டுக்கும் ஒன்றுதான், பத்து வீட்டுக்கும் ஒன்றுதான். தலைக்கு விழுவதுதான் வேறு. 737இல் ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும் நடைபாதையை ஈஆர்ஜேயில் மூன்று பேர் பகிர்கிறார்கள். அடுத்தது வளைவு. சின்னக் குழாயில் சுவர் சீக்கிரம் வளையும். ஜன்னலோரம் இருப்பவரின் தோளும் தலையும் அந்த வளைவில் இடிக்கும். இரண்டும் போக மிஞ்சும் இருக்கை அகலம், பெரிய 737இல் உள்ள அதே 17 அங்குலச் சுமார்தான்.

ஆக, இருக்கையில் நட்டமில்லை. நட்டம் மற்ற இடங்களில். சிஆர்ஜேயின் உள் உயரம் 1.85 மீட்டர், ஈஆர்ஜேயில் 1.82 மீட்டர். ஆறடி ஆள் குனிந்துதான் போக வேண்டும். 737இலும் ஏ320இலும் தலைக்கு மேல் தாராளம். ஐம்பது இருக்கை சிஆர்ஜேயின் ஜன்னல்கள் தாழ்வாக அமைந்தவை. வெளியே பார்க்கக் கழுத்தை மடக்க வேண்டும். பின்னால் வந்த 70 இருக்கை மாடலில்தான் ஜன்னலைச் சற்று உயர்த்தினார்கள். மேல் தட்டில் சக்கரப் பெட்டி நுழையாது. விமான வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது வாசலில் தருவார்கள். ஐம்பது பேருக்குக் கடைசியில் ஒரே கழிப்பறை. என்ஜின் வாலில் இருப்பதால் முன் வரிசைகளில் அமைதி, கடைசி வரிசைகளில் இரைச்சல்.

வரவுப் பக்கமும் இருக்கிறது. நாரோ பாடியில் ஆறில் இருவர் நடுவில் மாட்டுவார்கள். மூன்றில் ஒரு பங்குப் பயணிகள். சின்ன ஜெட்டில் நடு இருக்கையே கிடையாது. ஈஆர்ஜேயில் ஒற்றை இருக்கைப் பக்கம் கிடைத்தால் ஜன்னலும் நமதே, நடைபாதையும் நமதே. ஐம்பது பேர் ஏறி இறங்கப் பத்து நிமிடம் போதும். நூற்றெண்பது பேர் மேல் தட்டைத் திறந்து மூடி நகரும் வரை நின்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

வெள்ளைத் தாளில் வரைந்த விமானம்

இதுவரை பார்த்த எல்லாமே பிதுரார்ஜிதம். 737க்கு 707இன் அகலம், சிஆர்ஜேக்குப் பணக்கார ஜெட்டின் குழாய், ஈஆர்ஜேக்குப் புரொப்பல்லர் விமானத்தின் குழாய். சின்ன ஜெட்டில் போகும் பயணியை மட்டும் மனதில் வைத்துப் புதிதாக வரைந்தால் எப்படி இருக்கும்? எம்ப்ரேயர் 1999இல் அதைத் தொடங்கியது. ஈ-170, ஈ-175, ஈ-190, ஈ-195 என்ற வரிசை. 2002இல் முதல் பறப்பு, 2004இல் போலந்தின் லாட் நிறுவனத்தில் சேவை.

அதன் குழாய் முழு வட்டம் இல்லை. இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இணைத்த வடிவம். மேல் வட்டம் பயணிகளுக்கு. கீழ் வட்டம் சாமான்களுக்கு. அதனால் உட்கார்ந்திருப்பவரின் தோள், முழங்கை உயரத்தில் சுவர் உள்ளே வளைவதில்லை. உள் அகலம் 2.74 மீட்டர், நான்கு பேர். நம் பட்டியலில் சேர்த்தால் தலைக்கு 68 செ.மீ.க்கு மேல். இந்தத் தடவை அந்த இடம் நிஜமாகவே இருக்கையில் வந்து சேர்ந்தது: 18 அங்குலத்துக்குச் சற்று அதிகமான அகலம், 2 மீட்டர் உயரம், பெரிய ஜன்னல். எண்பது பேர் போகும் விமானத்தின் சாதாரண இருக்கை, நூற்றெண்பது பேர் போகும் 737இன் இருக்கையை விட அகலம்.

நடைப்பயிற்சியில் "சுகம்" என்றவர் ஏறியது இந்த வகையாக இருக்க வேண்டும். "பொம்மை விமானம்" என்றவருக்கு முந்தைய தலைமுறை 50 இருக்கை ஜெட் வாய்த்திருக்கும். டிக்கெட்டில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருந்திருக்காது.

பைலட் சங்கம் தந்த கால் நீட்ட இடம்

50 இருக்கைக்கு இன்னொரு காரணம் உண்டு என்றேன் அல்லவா? பெரிய நிறுவனங்களின் பைலட் சங்கங்கள் சின்ன ஜெட்டுகள் வந்தபோது கலங்கின. குறைந்த சம்பளத்துக்கு ஓட்டும் துணை நிறுவனங்களிடம் வேலையெல்லாம் போய்விடுமே என்ற பயம். வங்கியில் அவுட்சோர்சிங் வந்தபோது எங்கள் சங்கம் பட்ட கவலை போன்றதுதான். நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள்: துணை நிறுவனங்கள் ஓட்டும் ஜெட் இத்தனை இருக்கைக்கு மேல், இத்தனை எடைக்கு மேல் போகக் கூடாது. முதலில் 50 இருக்கை முக்கிய எல்லையாக இருந்தது. பின்னாளில் பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் 76 இருக்கை, 86,000 பவுண்டு (சுமார் 39,000 கிலோ) என்று நிலைத்தது.

இந்த எண் பயணிகளைப் பற்றியதே இல்லை. ஆனால் அதன் விளைவு பயணியின் முழங்காலில் தெரிந்தது. சிஆர்ஜே 900இல் 90 இருக்கை போடலாம், ஈ-175இல் 88 போடலாம். ஒப்பந்தப்படி 76தான். மிச்ச நீளத்தை என்ன செய்வது? 12 முதல் வகுப்பு இருக்கை போட்டார்கள், எகானமியில் சில வரிசைகளுக்குக் கால் நீட்டக் கூடுதல் இடம் விட்டார்கள்.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பேரலுக்கு 147 டாலரைத் தொட்டபோது 50 இருக்கை ஜெட்டுகளின் கணக்கு உடைந்தது. இரண்டு பைலட்டும் இரண்டு என்ஜினும் ஐம்பது டிக்கெட்டில் செலவை மீட்க முடியவில்லை. பல விமானங்கள் ஓரம் கட்டப்பட்டன. ஆனால் 50 என்ற எண் மட்டும் ஒப்பந்தத் தாளில் அப்படியே இருந்தது. 2019இல் யுனைடெட் நிறுவனம் ஒரு வேடிக்கை செய்தது. 70 இருக்கை சிஆர்ஜே 700ஐ எடுத்து, அதில் 50 இருக்கை மட்டும் போட்டு, சிஆர்ஜே 550 என்று பெயர் வைத்தது. பத்து முதல் வகுப்பு, இருபது கூடுதல் இட இருக்கை, இருபது சாதாரணம். மீந்த இடத்தில் சக்கரப் பெட்டி வைக்க அலமாரிகள். சின்ன ஜெட்டின் முப்பதாண்டுப் பெட்டிப் பிரச்சினையை ஒரு தொழிற்சங்க ஒப்பந்தம் தீர்த்து வைத்தது!

அதே எண் சில விமானங்களைப் பிறக்க விடாமலும் செய்தது. எம்ப்ரேயரின் புதிய ஈ-175 இ2 அந்த எடை எல்லையைத் தாண்டியதால், அதற்கு முக்கியச் சந்தையான அமெரிக்காவில் ஆர்டர் இல்லாமல் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. ஜப்பானின் மித்சுபிஷி செய்த ஜெட்டும் 2015இல் பறந்து, இதே எல்லை உட்படப் பல சிக்கல்களில் மாட்டி, 2023இல் கைவிடப்பட்டது.

பம்பார்டியர் வேறு வழி பார்த்தது. சின்ன ஜெட்டுக்கும் 737க்கும் நடுவில், இரண்டும் மூன்றும் என்று வரிசைக்கு ஐந்து பேர் உட்காரும் 'சி சீரிஸ்' விமானத்தைப் புதிதாக வரைந்தது. 2016இல் சுவிஸ் நிறுவனத்தில் சேவைக்கு வந்தது. உள் அகலம் 3.28 மீட்டர், தலைக்கு 66 செ.மீ. இருக்கை 18.5 அங்குலம். நடுவில் மாட்டுகிறவருக்கு ஆறுதலாக அரை அங்குலம் சேர்த்து 19! நடு இருக்கைக்காரருக்கும் கொஞ்சம் கொடுப்போம் என்று யோசித்த விமானம் அது. 2017இல் போயிங்கின் புகாரின் பேரில் அமெரிக்க வணிகத் துறை அதன்மேல் சுமார் 292 சதவீத வரி போட முனைந்தது. 2018 ஜனவரியில் வர்த்தக ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. இதற்குள் பம்பார்டியர் மூச்சு வாங்கிப் போய், திட்டத்தின் பெரும்பங்கை ஏர்பஸ்ஸிடம் கொடுத்துவிட்டது. இன்று அதன் பெயர் ஏ220. சிஆர்ஜே திட்டத்தையும் பம்பார்டியர் 2020இல் மித்சுபிஷிக்கு விற்றது. அந்த விமானம் இப்போது தயாரிக்கப்படுவதில்லை.

நம் ஊரிலும் ஓர் எண்

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று விட்டுவிட முடியாது. இந்தியாவில் 80 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்கு விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் இறங்கு கட்டணம் விலக்கப்பட்டது. 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களுக்கு எரிபொருள் மீது 4 சதவீத வரி என்ற சலுகையும் வந்தது. மற்ற விமானங்களுக்குப் பல மாநிலங்களில் அந்த வரி 20 சதவீதத்தைத் தாண்டியது.

அந்தக் காலத்தில்தான், 2005 அக்டோபரில், மதுரையைச் சேர்ந்த ஜவுளித் தொழில் குழுமம் ஒன்றின் பாரமவுண்ட் ஏர்வேஸ் சென்னையை மையமாக வைத்துப் பறக்கத் தொடங்கியது. ஈ-170இல் 70 இருக்கை, ஈ-175இல் 75 இருக்கை. இரண்டும் 80க்குள். கோயம்புத்தூர், மதுரை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற ஊர்களுக்கு, எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ் என்று விளம்பரம் செய்தார்கள். மற்ற நிறுவனங்கள் எல்லாம் இருக்கையை நெருக்கிக் கட்டணத்தைக் குறைத்த நேரத்தில், சின்ன ஜெட்டை வைத்துக்கொண்டு வசதியை விற்கத் துணிந்தது ஒரு தமிழ்நாட்டு நிறுவனம். குத்தகை விமானங்கள் தொடர்பான தகராறில் 2010இல் அது நின்றுபோனது. அதில் போன நினைவுள்ளவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கலாம்.

2019இல் கர்நாடகத்தில் ஸ்டார் ஏர் என்ற நிறுவனம் ஈஆர்ஜே 145ஐ வைத்துத் தொடங்கி, 2023இல் ஈ-175ஐச் சேர்த்தது. அதில் 12 பிசினஸ், 64 எகானமி, மொத்தம் 76. அமெரிக்க பைலட் ஒப்பந்தத்தின் அதே 76! நம் சிறு நகரங்களுக்கான பெரும்பாலான சின்ன விமானங்கள் ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் வகை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஜெட் அல்ல. அதன் சத்தத்தை வைத்துச் சின்ன ஜெட்டை எடை போடக் கூடாது.

வயதானவர்கள் கவனத்துக்கு

இந்தக் கதையில் யார் யார் அளவை முடிவு செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போட்டி நிறுவனத்தை ஓர் அங்குலத்தில் வெல்ல நினைத்தவர்கள், பழைய அச்சை வீணாக்க விரும்பாதவர்கள், பைலட் சங்கம், வரித் துறை. பயணி எங்கும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர், அடிக்கடி கழிப்பறை போக வேண்டியவர், சக்கர நாற்காலியில் போகிறவர் அறவே இல்லை.

அமெரிக்கா 2023இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒற்றை நடைபாதை விமானங்களிலும் சக்கர நாற்காலிப் பயணி உதவியோடு பயன்படுத்தும்படி கழிப்பறை பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் 2030களின் நடுவில் வரும் புது விமானங்களிலிருந்துதான் அது கட்டாயம். அதிலும் 125 இருக்கையும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு மட்டும். சின்ன ஜெட்டுகள் அந்தப் பெரிய கழிப்பறைக் கட்டாயத்துக்கு வெளியே. அதாவது, பிள்ளையின் ஊருக்குப் போகும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்குப் பெரிய கழிப்பறை என்ற அந்தக் கட்டாயம் நமக்குத் துணை வராது. நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துக்கொள்ள வழியும் இருக்கிறது. டிக்கெட் போடும்போது விமானத்தின் வகை பொதுவாக எழுதியிருக்கும். பெரும்பாலும் சின்ன எழுத்தில், "விவரம்" என்ற இடத்தைத் தொட்டால் தெரியும். பிள்ளைகள் அவசரத்தில் விலையையும் நேரத்தையும் மட்டும் பார்த்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த தடவை வகையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈ-175, ஈ-190, ஏ220 என்றிருந்தால் கவலையில்லாமல் ஏறலாம். 50 இருக்கை சிஆர்ஜே 200 அல்லது ஈஆர்ஜே 145 என்றால், ஒரு மணி நேரம் முன்போ பின்போ வேறு விமானம் உண்டா என்று பார்க்கலாம். இல்லையென்றால் முன் வரிசை கேளுங்கள், இரைச்சல் குறையும். ஈஆர்ஜேயில் ஒற்றை இருக்கைப் பக்கம் கேளுங்கள். மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி எல்லாம் சக்கரப் பெட்டியில் வேண்டாம், மடியில் வைக்கும் பையில் இருக்கட்டும். பெட்டி வாசலிலேயே பிரிந்துவிடும். இந்தச் சின்ன ஜெட்டுகள் பலவற்றில் கதவோடு சேர்ந்த குறுகிய படிகள்தான். படி ஏற முடியாதவர்கள் ஏறும் வசதிக்காக டிக்கெட் போடும்போதே சொல்லி வைக்க வேண்டும். அன்று காலையில் சொன்னால் தாமதம் நமக்குத்தான்.

நாரோ பாடி என்றால் 737ஆ ஏ320ஆ என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம். விலை ஒன்றாக இருந்தால் அந்த ஓர் அங்குலத்தை விட்டுக்கொடுப்பானேன்?

வரும் கோடை விடுமுறைக்கு டிக்கெட் போடப் போகிறவர்கள், எந்த வகை என்று தெரியாமல் குழம்பினால், சீட்டை எடுத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்குப் பூங்கா பெஞ்சுக்கு வரலாம். போய் வந்தவர்கள் தாங்கள் ஏறிய விமானத்தின் வகையையும் அனுபவத்தையும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், அடுத்த இதழில் நம் குடியிருப்புக்கென்றே ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.